இடையில் வரைந்தவர்கள்

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். வால்ட் டிஸ்னியின் ‘ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ படம் 1937-ம் வருடம் டிசம்பர் 21-ம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஓடும் நேரம் 83 நிமிடம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். 24-ஐ 60-ஆல் பெருக்குங்கள். வருவதை 83-ஆல் பெருக்குங்கள். 1,19,520 என்று வரும்.

நடிகர்களை வைத்து எடுக்கிற படம் என்றால் கவலை இல்லை. கேமரா பார்த்துக்கொள்ளும். கார்ட்டூன் படத்தில்? ஒவ்வொன்றையும் ஒரு மனிதக் கை வரைந்தாக வேண்டும். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று சிக்கனம் பிடித்தாலும் (பிடித்தார்கள்) 60,000 படங்கள். ஏழு குள்ளர்களும் வரிசையாக நடந்து வருகிற காட்சியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரைய வேண்டும் என்றால் கணக்கு எங்கேயோ போய்விடும்!

சரி, இத்தனையையும் யார் உட்கார்ந்து வரைந்தது? டிஸ்னி இல்லை. அவர் 1920-களிலேயே அனிமேஷன் மேஜையை விட்டு எழுந்து முதலாளி நாற்காலிக்குப் போய்விட்டார். டைட்டிலில் பெயர் வந்த பெரிய ஓவியர்களா? அவர்கள் வரைந்தது கொஞ்சம்தான். மீதியை வரைந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் டைட்டிலில் கிடையாது.

இன்று டி.வி-யில் செய்திச் சேனலின் லோகோ சுழன்று வந்து உட்காருகிறது. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இரண்டு பக்கத்திலிருந்தும் மிதந்து வந்து ஒன்றுசேருகின்றன. கம்ப்யூட்டரில் இதைச் செய்பவர்கள் ‘கீ போடுவது’ என்று சொல்லும் வேலையின் சரித்திரத்தைத் தோண்டினால், அந்தப் பெயரில்லாத ஆசாமிகளிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் கீ ஃபிரேம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். மொத்தமும் ஒரு நொடி. இதில் முக்கியமான நிலைகள் என்னென்ன? உட்கார்ந்திருப்பது ஒன்று. எழுவதற்காக உடம்பை முன்னால் சாய்ப்பது இரண்டு. நின்றுவிட்டது மூன்று. கை கூப்பியது நான்கு. இந்த நான்கும் கீ. தலைமை ஓவியர் இந்த நான்கை மட்டும் வரைந்து, ‘1, 9, 17, 25’ என்று நம்பர் போட்டுக் கொடுத்துவிடுவார். 2 முதல் 8 வரை, 10 முதல் 16 வரை... இடைவெளியை நிரப்புவது ஜூனியரின் வேலை. அவருக்குப் பெயரே ‘இன்பிட்வீனர்’. இடையில் வரைபவர்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. 1914-ல் வின்சர் மெக்கே என்கிற அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் ‘கெர்ட்டி’ என்ற டைனோசரை நடமாட விட்டார். ஆயிரக்கணக்கான படங்கள். டைனோசரைத் தானே வரைந்தார். பின்னாலிருக்கும் மலையையும் ஏரியையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்பப் படியெடுக்க மட்டும் ஒரு பையனை வைத்துக்கொண்டார். மெக்கே ஒரு தந்திரம் வைத்திருந்தார். முதல் நிலையையும் கடைசி நிலையையும் முதலில் வரைவது. பிறகு சரிபாதியில் ஒன்று. அந்தப் பாதிக்கு ஒரு பாதி, அதற்கும் ஒரு பாதி. அசைவு எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்பது கையில் இருப்பதால் ஓவியம் வழி தவறாது. கீ ஃபிரேமின் வித்து இதுதான். ஆனால், மெக்கேக்குக் கீயும் தானே, இடைப்பட்டதும் தானே.

1920-களில் நியூயார்க்கில் ஃபிளெய்ஷர் ஸ்டூடியோவில் டிக் ஹியூமர் என்று ஒரு கெட்டிக்கார அனிமேட்டர் இருந்தார். இவர் நேரத்தை மிச்சம் பிடித்தால் இன்னும் நிறைய வரைவாரே என்று முதலாளிக்குத் தோன்றியது. ஆர்ட் டேவிஸ் என்ற இளைஞரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முக்கியமானதை ஹியூமர் வரைய, இடைப்பட்டதை டேவிஸ் நிரப்பினார். உலகத்தின் முதல் இன்பிட்வீனர் என்று இவரைத்தான் சொல்வது வழக்கம்.

பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். 1776-ல் ஆடம் ஸ்மித் எழுதிய குண்டூசித் தொழிற்சாலை! ஒருவன் கம்பியை இழுப்பான், ஒருவன் நறுக்குவான், ஒருவன் கூர் தீட்டுவான், உற்பத்தி பல மடங்கு ஏறும். எங்கள் வாத்தியார் அதோடு பாடத்தை நிறுத்திக்கொண்டார். காலம் முழுக்கக் கூர் மட்டுமே தீட்டுகிறவனின் மூளை என்ன ஆகும் என்று அதே ஸ்மித் அதே புத்தகத்தில் பின்னால் கவலைப்பட்டிருப்பதைத் தேர்வுக்குக் கேட்க மாட்டார்கள்.

டிஸ்னி இந்த ஏற்பாட்டைப் பெரிய தொழிற்சாலையாகவே ஆக்கினார். 1930-களில் அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம். நன்றாகப் படம் போடத் தெரிந்த பிள்ளைகள் வேலையில்லாமல் திரிந்தார்கள். டிஸ்னியில் சேர்ந்த புதியவர்கள் பெரும்பாலும் இன்பிட்வீன் அறையில்தான் உட்கார வேண்டும். கண்ணாடி மேஜை, அடியில் விளக்கு. பெரியவர் வரைந்த இரண்டு கீ படங்களை மேஜையில் வைத்து, மேலே வெள்ளைத் தாளைப் போட்டால் இரண்டும் மங்கலாகத் தெரியும். நடுவில் வர வேண்டியதை வரைய வேண்டும். பிறகு தாள்களை விரல் இடுக்கில் செருகி முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை.

எருமை மாட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கீ படத்தின் ஓரத்தில் தலைமை ஓவியர் ஒரு சின்ன ஏணி மாதிரி கோடு போட்டிருப்பார். அதன் படிகள் சம இடைவெளியில் இருக்காது. ஒரு முனையில் நெருக்கமாக, நடுவில் விலகி, மறுமுனையில் மீண்டும் நெருக்கமாக. ஒவ்வொரு படியும் ஒரு படம் வர வேண்டிய இடம். ஏன் இப்படி? நிஜ உலகத்தில் எதுவும் சட்டென்று முழு வேகத்தில் கிளம்புவதில்லை, சட்டென்று நிற்பதும் இல்லை. பஸ் கிளம்புவதை நினைத்துப் பாருங்கள். முதலில் ஊர்ந்து, பிறகு வேகம் பிடித்து, ஸ்டாப்பிங் வரும்போது தளர்ந்து... படங்கள் நெருக்கமாக இருந்தால் மெதுவான அசைவு, விலகி இருந்தால் வேகம். ஆக, கீ ஃபிரேம் சொல்வது ‘என்ன நடந்தது’ என்பதை. ‘எப்படி நடந்தது’ என்பது இடையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் இடமிருந்து வலமாகத் தலையைத் திருப்புகிறார். இரண்டு கீ படங்களுக்கும் சரி நடுவில் அளந்து ஒரு படம் வரைந்தால், கதவு திறக்கிற மாதிரி தலை திரும்பும். அதே நடுப்படத்தில் முகவாயை லேசாகக் கீழே இறக்கி, கண்ணிமையை ஒரு கணம் மூடி வரைந்தால்? ஏதோ யோசித்துவிட்டுத் திரும்புகிற மனிதர் வந்துவிடுகிறார். முதல் படமும் கடைசிப் படமும் அதேதான். நடுவில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது!

இன்பிட்வீன் அறை ஒரு குருகுலமாக ஆனதற்கு இதுதான் காரணம். ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன், மார்க் டேவிஸ், வார்டு கிம்பல் - பிற்காலத்தில் டிஸ்னியின் தூண்கள் என்று கொண்டாடப்பட்ட இவர்கள் எல்லோரும் அங்கே இடைப்படம் வரைந்துதான் மேலே வந்தார்கள். மேதைகளின் கீ படங்களை நாள்தோறும் தொட்டு, புரட்டி, நடுவே நிரப்பிப் பழகியவனுக்கு வேறு பள்ளிக்கூடம் எதற்கு?

ஆனால், அந்தப் பள்ளியின் வாசல் எல்லோருக்கும் திறக்கவில்லை. 1938-ல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு ஸ்டூடியோ அனுப்பிய மறுப்புக் கடிதம் இன்று உலகப் பிரசித்தம். படைப்பு வேலை இளைஞர்களுக்கானது, பெண்களுக்கு இங்கே மை தீட்டும் வேலையும் வண்ணம் தீட்டும் வேலையும்தான் என்று நல்ல லெட்டர்ஹெட்டில் பவ்யமாகச் சொன்னார்கள். 1942-ல் வந்த ‘பாம்பி’ படத்தில்தான் ரெட்டா ஸ்காட் என்ற பெண்ணின் பெயர் அனிமேட்டர் என்று டைட்டிலில் வந்தது. டிஸ்னியில் அப்படிப் பெயர் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

சம்பளம்? அங்கேதான் வெடித்தது. நட்சத்திர அனிமேட்டர்களில் சிலர் வாரம் 300 டாலர் வரை வாங்கிக்கொண்டிருந்தபோது, அடிமட்டத்தில் 12 டாலர் வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆர்ட் பாபிட் என்பவர் மேல்தட்டு ஆசாமி. ‘ஸ்நோ ஒயிட்’ படத்தின் பொல்லாத ராணியை உயிர்ப்பித்தவர். கை நிறையச் சம்பளம். தன் உதவியாளருக்குச் சம்பளம் கூட்டித் தரும்படி முதலாளியிடம் போய்க் கேட்டு மூக்குடைபட்டதாகப் பின்னாளில் சொன்னார். அவர் தொழிற்சங்கத்தில் சேர, டிஸ்னி அவரை வேலையிலிருந்து தூக்க, 1941 மே மாத இறுதியில் சில நூறு பேர் ஸ்டூடியோ வாசலில் மறியலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். ஓவியர்களின் வேலைநிறுத்தம் அல்லவா? தட்டிகள் ஒவ்வொன்றும் பிரமாதம்! தாங்கள் வரைந்த கதாபாத்திரங்களையே வரைந்து, முதலாளியைக் கேள்வி கேட்க வைத்தார்கள்.

அரசாங்கம் மத்தியஸ்தம் செய்து, சங்கத்தை டிஸ்னி ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மனசு மட்டும் ஒட்டவில்லை. ஸ்டூடியோவை விட்டு வெளியேறியவர்களில் சிலர் சேர்ந்து நடத்திய யு.பி.ஏ. என்ற கம்பெனி வேறு வழி கண்டுபிடித்தது. இடைப்படங்களின் எண்ணிக்கையையே குறைத்துவிடு! உடம்பு அசையாமல் நிற்க, வாயும் கையும் மட்டும் அசையட்டும். அழகியல் ஒரு பக்கம் இருக்க, செலவும் மிச்சம். டெலிவிஷன் வந்ததும் எல்லோரும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

★

இனி கனடாவுக்குப் போக வேண்டும்.

நெஸ்டர் பர்ட்னிக் ஓவியர் இல்லை. ஒட்டாவாவில், கனடா அரசின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1969-ல் கலிஃபோர்னியாவில் ஒரு மாநாட்டுக்குப் போனார். அங்கே டிஸ்னியிலிருந்து வந்த ஓர் அனிமேட்டர் கார்ட்டூன் எப்படித் தயாராகிறது என்று விளக்கினார். தலைமை ஓவியர் கீ படங்களை வரைவார், உதவியாளர்கள் நடுவே நிரப்புவார்கள்...

பர்ட்னிக்குக்குப் பொறி தட்டியது. ஒரு கோட்டின் ஆரம்ப இடமும் முடிவு இடமும் தெரிந்தால், நடுவில் உள்ள இடங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாமே! கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா?

அதுவரை கம்ப்யூட்டரில் அசையும் படம் வேண்டும் என்றால் ஓவியர் புரோகிராம் எழுத வேண்டும், அல்லது புரோகிராம் எழுதுகிறவர் ஓவியராக வேண்டும். இரண்டும் நடக்கிற காரியம் இல்லை. பர்ட்னிக்கும் அவருடைய சகா மார்செலி வைனும் செய்த ஏற்பாட்டில் ஓவியர் தன் பழக்கப்படியே கையால் வரைந்தால் போதும். இரண்டு கீ படங்களை உள்ளே கொடுத்தால், இடைப்பட்டவற்றை இயந்திரம் வரைந்து தள்ளும். 1971-ல் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தலைப்பிலேயே ‘கீ ஃபிரேம் அனிமேஷன்’ இருந்தது.

நாற்காலி தயார். உட்கார ஓர் ஓவியர் வேண்டுமே? கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் மூலமாகப் பீட்டர் ஃபோல்டஸ் வந்தார். ஹங்கேரியில் பிறந்தவர். அணுகுண்டு விழுவதைப் பற்றி இவர் எடுத்த ‘எ ஷார்ட் விஷன்’ என்ற கார்ட்டூன் 1956-ல் அமெரிக்க டி.வி-யில் ஒளிபரப்பாகி, பார்த்தவர்களைக் கதிகலங்க வைத்திருந்தது. இந்த இயந்திரத்தில் முதலில் ‘மெட்டாடேட்டா’ என்று ஒரு பரீட்சார்த்தப் படம் செய்தார். பிறகு, 1974-ல் ‘லா ஃபெம்’. பசி என்று அர்த்தம்.

சுமார் 11 நிமிடப் படம். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒல்லி மனிதன் ஒருவன் சாப்பிட ஆரம்பிக்கிறான். சாப்பிடுகிறான்... சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ஒரு பொருள் உருகி இன்னொரு பொருளாகிறது. அவன் உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. கடைசியில், எலும்பும் தோலுமான பசித்த கூட்டம் ஒன்று வந்து அவனையே தின்றுவிடுகிறது. கான் விழாவில் ஜூரி பரிசு. ஆஸ்கருக்கும் பரிந்துரை. கம்ப்யூட்டரால் அசைந்த படம் ஒன்று ஆஸ்கர் பரிந்துரை வரை போனது அதுதான் முதல் தடவை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தில் உருவங்கள் ஏன் அப்படி உருகுகின்றன? ஃபோல்டஸின் கற்பனை பாதி, இயந்திரத்தின் இயலாமை மீதி என்பது என் அபிப்பிராயம். இயந்திரம் கோட்டை நேராகத்தான் நகர்த்தும். கையை மேலே தூக்கி நிற்கும் ஒருவர் அதைப் பக்கவாட்டில் நீட்டுகிறார் என்று வையுங்கள். நிஜத்தில் விரல் நுனி வட்டமாக வளைந்து இறங்கும். இயந்திரமோ விரல் நுனியை முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிக்குக் குறுக்கு வழியில் இழுத்துக்கொண்டு போகும். பாதி வழியில் அளந்து பார்த்தால் கையின் நீளம் 71 சதவீதம்தான் இருக்கும்! மீதியைக் காணோம். வாரம் 12 டாலர் வாங்கிய பையன் செய்யாத தப்பு இது. கை என்றால் எலும்பு உண்டு, அது சுருங்காது என்று அவனுக்குத் தெரியும்.

ஃபோல்டஸ் அந்தக் குறையையே பாணியாக்கிக்கொண்டார். எல்லாம் எல்லாமாக உருகுகிற கதைக்கு நெளிந்து சுருங்கும் கோடு பொருத்தமாக இருந்தது. பர்ட்னிக்கும் வைனும் சும்மா இருக்கவில்லை. 1976-ல் உருவத்துக்குள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டகத்தை வைத்து, அதை அசைத்தால் உருவமும் கூடவே அசையும்படி ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். இருவருக்கும் 1997-ல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது. நல்ல வேளை, இரண்டு பேருமே உயிரோடு இருந்து வாங்கிக்கொண்டார்கள். இந்த மாதிரி விருதுகளில் அது எப்போதும் நடப்பதில்லை.

பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல், 1978-ல் இன்னும் அடிப்படையான ஒரு சிக்கலைச் சொன்னார். காகிதத்தில் இருக்கும் படம், முப்பரிமாண உருவத்தின் நிழல்தான். முகம் நேராக இருக்கும் படத்தில் இரண்டு காது தெரியும். பக்கவாட்டில் திரும்பிய படத்தில் ஒரு காதுதான். இன்னொன்று எங்கே போயிற்று? தலைக்குப் பின்னால் போயிற்று என்று இன்பிட்வீனர் அறிவார். இரண்டு படங்களின் கோடுகளை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு அந்தத் தகவலே கிடையாது.

அப்படியானால் உருவத்தையே முப்பரிமாணத்தில் கம்ப்யூட்டருக்குள் கட்டிவிடுவோம் என்று கிளம்பியவர்கள் ஜெயித்தார்கள். ஆனாலும், அவர்கள் படங்களில் எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. கனமே இல்லை. அந்த நேரத்தில்தான் டிஸ்னியில் வேலை பார்த்து, வேலை போய், லூகாஸ் ஃபிலிம் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்து சேர்ந்தார் ஜான் லாசெட்டர். அந்தப் பிரிவுதான் 1986-ல் பிக்ஸார் ஆயிற்று. அதே வருடம் ‘லக்ஸோ ஜூனியர்’ என்று இரண்டு நிமிடச் சொச்சத்துக்கு ஒரு படம். இரண்டு மேஜை விளக்குகள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சின்னது பந்து விளையாடுகிறது. அவ்வளவுதான் கதை.

விளக்குக்குக் கண் இல்லை, வாய் இல்லை, கையும் இல்லை. குதிப்பதற்கு முன்னால் உடம்பைச் சுருக்குகிறது. குதித்து இறங்கியதும் வயர் ஒரு கணம் தாமதித்து வந்து விழுகிறது. கம்ப்யூட்டர் வல்லுநர்கள் கூடிய மாநாட்டில் படம் முடிந்ததும் ஜிம் பிளின் என்ற பெரிய விஞ்ஞானி லாசெட்டரை நோக்கி வந்தார். நிழல் எப்படி விழவைத்தாய் என்று கேட்கப்போகிறார் என லாசெட்டர் பயந்துகொண்டிருக்க, அவர் கேட்டது: “அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?”

அடுத்த வருடம், 1987-ல், லாசெட்டர் ஒரு கட்டுரை வாசித்தார். ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் (அதே பழைய இன்பிட்வீனர்கள்தான்!) 1981-ல் தங்கள் புத்தகத்தில் தொகுத்துக் கொடுத்த கார்ட்டூன் விதிகளைக் கம்ப்யூட்டர்காரர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்ன கட்டுரை. இயந்திரம் தானாகப் போட்டுத் தரும் இடைப்படத்தை அப்படியே நம்பாதே, அசைவின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக நேரம் குறி என்பது அதன் முக்கியமான செய்தி.

★

1993 ஜனவரியில் அமெரிக்காவின் ராட் தீவு மாநிலத்தில், பிராவிடன்ஸ் என்ற ஊரைச் சேர்ந்த கோசா என்ற சின்ன கம்பெனி ‘ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்’ சாஃப்ட்வேரை வெளியிட்டது. அதே வருடம் கம்பெனியை ஆல்டஸ் வாங்கியது. மறு வருடம் ஆல்டஸை அடோபி வாங்கியது. பெரிய ஸ்டூடியோக்களின் அறைக்குள்ளே இருந்த கீ ஃபிரேம், மேஜைக் கம்ப்யூட்டருக்கு வந்தது. பிறகு நம் ஊர் எடிட்டிங் அறைகளுக்கும், கோடம்பாக்கத்து மாடிப்படிகளுக்கு அடியிலிருக்கும் குட்டி கிராஃபிக்ஸ் கூடங்களுக்கும் வந்தது.

அதில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் ஒரு பையனையோ பெண்ணையோ பக்கத்தில் நின்று பாருங்கள். அரை மணி நேரத்தில் கீ போட வந்துவிடும். ஸ்டாப்வாட்ச் பொம்மையைத் தட்டினால் ஒரு சின்ன வைர வடிவம் விழும். அது ஒரு கீ. ஒரு நொடி தள்ளிப் போய், பந்தை வேறு இடத்துக்கு இழுத்து வைத்தால் இன்னொரு வைரம். ஓட்டினால் பந்து நகர்கிறது. “ஐ... வந்துடுச்சு!” என்கிற சந்தோஷம் அந்த நிமிஷம் எல்லா முகத்திலும் வரும். அடுத்த நிமிஷம் ஏதோ சரியில்லை என்று தெரியும். என்ன சரியில்லை என்று சொல்லத் தெரியாது.

கணக்கில் சொல்கிறேன். பந்து ஒரு நொடியில் 600 பிக்ஸல் போக வேண்டும். 24 ஃபிரேம். இயந்திரத்தின் போக்குக்கு விட்டால் ஃபிரேமுக்கு 25 பிக்ஸல் என்று சமமாகப் பங்கு போட்டுவிடும். பாகப்பிரிவினை செய்கிற வக்கீல் மாதிரி. இரண்டு வைரங்களையும் தேர்ந்தெடுத்து எஃப் 9 பொத்தானை அழுத்தினால் அவை மணற்கடிகாரம் மாதிரி மாறும். ‘ஈஸி ஈஸ்’ என்று பெயர். இப்போது முதல் ஃபிரேமில் பந்து நகர்வது வெறும் 3 பிக்ஸல். நடுவழியில் ஒரு ஃபிரேமுக்கு 37 பிக்ஸல் வரை பாய்ச்சல். கடைசி ஃபிரேமில் மீண்டும் 3. நமது பஸ் கிளம்பி நின்றுவிட்டது!

இதோடு திருப்தியடைந்து நிறுத்துகிறவர்கள் பலர். டி.வி-யில் பாதி கிராஃபிக்ஸ் ஒரே தினுசில் இழைவதற்குக் காரணம் இந்த ஒற்றைப் பொத்தான்தான் என்பேன். இரும்புக் குண்டும் பலூனும் ஒரே மாதிரியா நகரும்? 2006-ல் வந்த ஏழாவது பதிப்பில் ‘கிராஃப் எடிட்டர்’ சேர்த்தார்கள். வேகத்தை ஒரு வளைகோடாகக் காட்டி, அந்தக் கோட்டைப் பிடித்து இழுக்கவும் நீட்டவும் விட்டார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பார்த்ததும் மிரள்வது இதைத்தான். ஆறு மாதம் உழன்ற பிறகு இதை விட்டு வெளியே வர மறுக்கிறவர்களும் உண்டு. கண்ணாடி மேஜையில் ஏணியின் படிகளை நெருக்கியும் விலக்கியும் போட்ட அதே வேலை. இப்போது மவுஸால்.

ஒரு வித்தியாசம். அந்த நாளில் குருவும் சீடனும் இரண்டு பேர். ஏணி போட்டுக் கொடுக்க ஒருவர், அதன்படி வரைந்து வரைந்து கை பழக ஒருவர். இயந்திரம் வந்ததும் சீடனின் நாற்காலி காலி. எல்லோரும் நேரடியாகக் குருவின் நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். பதவி உயர்வு நல்லதுதான். அடிமட்டத்தில் பழகியே வந்த அறிவை இவர்கள் எங்கே போய்ப் பழகுவது?

ஜப்பானில் இந்த நாற்காலி இன்னும் இருக்கிறது. கீ படத்துக்கு ‘கெங்கா’, இடைப்படத்துக்கு ‘டோகா’ என்று பெயர். உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி 1963-ல் டோயி ஸ்டூடியோவில் இடைப்படக்காரராகத்தான் சேர்ந்தார். 1965-ல் வந்த ஒரு ‘கலிவர்’ படத்துக்கு நடுப்படங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோதே, முடிவு சரியில்லை என்று வேறு முடிவு சொன்னார். ஏற்றுக்கொண்டார்கள்! அந்த வருடங்களில் அவர் ஸ்டூடியோ தொழிற்சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார் என்பது கூடுதல் தகவல். கலிஃபோர்னியாவோ டோக்கியோவோ, இடையில் வரைகிறவர்களுக்குச் சங்கம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கூலி குறைந்த இடம் தேடி இந்த வேலை கொரியா, தைவான் என்று ஆசியா முழுக்கச் சுற்றிய கதை தனி அத்தியாயம்.

இந்தியாவுக்கு இந்த வித்தை வந்ததும் டிஸ்னிக்காரர் ஒருவர் மூலமாகத்தான். கிளேர் வீக்ஸ். டிஸ்னியில் பல படங்களில் வேலை பார்த்தவர். 1956-ல் பம்பாய்க்கு வந்து, ஃபிலிம்ஸ் டிவிஷனில் நம் ஆட்களுக்குப் பாடம் எடுத்தார். 1957-ல் வந்த ‘பான்யன் டீர்’ படம் அதன் பலன். ராம் மோகன் அங்கே பழகி வந்தவர்தான்.

கீ ஃபிரேமே வேண்டாம், நிஜ மனிதரின் உடம்பில் புள்ளிகளை ஒட்டி அசைவை அப்படியே பிடித்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. மோஷன் கேப்சர். சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000-ல் வந்த ‘சிந்துபாத்’ முழுநீளப் படத்தில் அதைத்தான் செய்தது. 2014-ல் ‘கோச்சடையான்’. ரஜினியின் அசைவையே பிடித்தார்கள். ஆனாலும், கண்ணில் உயிர் இல்லை என்று பலரும் குறைப்பட்டார்கள். ஹாலிவுட்காரர்கள் இதே முறையில் எடுக்கும்போது, பிடித்து வந்த அசைவின் மேல் அனிமேட்டர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் கீ போட்டுத் திருத்துகிறார்கள். அதற்கு வேண்டிய காசும் நேரமும் நம் படத்துக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கொடுத்தால், நடுவில் உள்ளதைத் தானே கற்பனை செய்து நிரப்பித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. 1969-ல் பர்ட்னிக்குக்குத் தோன்றிய அதே யோசனை. இந்த முறை கை சுருங்குவதில்லை. சில சமயம் விரல் ஆறாக வருகிறது.

கிளாஸில் சேர்ந்து இதைப் படிக்கப்போகிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு பயிற்சியை மட்டும் சொல்லுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பந்து போகும் பாதையைத் திரையில் கோடாகக் காட்டும்போது, அதில் ஃபிரேமுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். பெரும்பாலோர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. தரையில் விழுந்து எகிறும் ஒரு பந்தைச் செய்துவிட்டு, அந்தப் புள்ளிகளை எண்ணிப் பார்க்கட்டும். உச்சியில் நெருங்கி, தரைக்குப் பக்கத்தில் விலகி இருக்க வேண்டும். இல்லையென்றால் வளைகோட்டை இழுத்துச் சரிசெய்யட்டும். அதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை, இருபத்துநாலு தாள்களை எடுத்துக்கொண்டு அதே பந்தைப் பென்சிலால் வரைந்து புரட்டிப் பார்க்கட்டும். ஒரு மதியம் ஆகும்.